பூமிக்கு ஒரு பந்தல்

வெப்பம் ஏறிவரும் உலகத்திற்கு ஆகாயத்தில் நிழல் அமைக்க முடியும் என்கிறது விஞ்ஞானம். அந்த யோசனைக்கு அஞ்சி முகம் திருப்பிக்கொள்வதைவிட, அதை நன்கு ஆராய்ந்தறிந்து, எல்லோருடைய சம்மதத்தோடும் அளவறிந்து கையாள முற்படுவதே தர்மம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1883ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தின் இரண்டாவது வாரத்தில், சென்னைப் பட்டணத்து ஜனங்கள் காலையில் எழுந்து கிழக்கே நோக்கியபோது, நாள்தோறும் தாங்கள் கைகூப்பித் தொழும் சூரியன் பச்சை நிறமாக உதயமாவதைக் கண்டார்கள். மாலையில் அது மறைகிற வேளையிலும் அதே பசுமை அதன்மேல் படர்ந்திருந்தது. இலங்கையிலும், தென்னிந்தியாவின் வேறு பல இடங்களிலும் இந்த விநோதம் புலப்பட்டது. அந்நாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிக சாஸ்திரப் பேராசிரியராக இருந்தவரும், பின்னாளில் கொடைக்கானல் வான ஆராய்ச்சிக் கூடத்திற்குத் தலைவராக விளங்கியவருமான மிச்சி ஸ்மித், அந்தப் பச்சைச் சூரியனின் கிரணங்களை நிறமாலைக் கருவியால் ஆராய்ந்து, கண்டவற்றைக் கிரமமாக எழுதிவைத்தார்.

அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு, ஆகஸ்ட் 26, 27 தேதிகளில், ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையிலுள்ள ஜலசந்தியில் கிராகதோவா என்னும் எரிமலைத் தீவு வெடித்துச் சிதறியிருந்தது. கடல் பொங்கியெழுந்து கரையோரக் கிராமங்களை விழுங்கியதில் 36,000க்கும் அதிகமானோர் மாண்டார்கள். அந்த மலை உமிழ்ந்த நுண்துகள்கள் மேல்வானத்துக் காற்றோடு மேற்குமுகமாகச் சென்று, உலகத்தையே வலம்வந்து, நம்முடைய ஆகாயத்திலும் கவிந்தபோதுதான் சூரியன் நிறம் மாறிற்று. இந்தக் காரணகாரிய சம்பந்தம், லண்டன் ராயல் சொஸைட்டி நியமித்த ஒரு குழு, பூமியின் பல பாகங்களிலிருந்தும் சாட்சியங்களைத் திரட்டி 1888இல் அறிக்கை வெளியிட்ட பிறகே முழுவதும் துலங்கியது. கண்ணால் கண்டதன் காரணத்தைக் கருத்தால் காண ஐந்து வருஷங்கள் சென்றன.

ஜாவாவுக்கு அருகே எழுந்த புகை சென்னைவாசியின் சூரியனை மாற்றியது என்னும் இந்தச் சம்பவத்தில், இன்று உலகத்தின் விஞ்ஞான சபைகளையும் அரசாங்கங்களையும் கலக்கிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய விவாதத்தின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மேல்வானத்தில் சிறிதளவு தூசி சேர்ந்தாலும் பூமிக்கு வரும் ஒளி மாறும் என்பது அதன் முதற்பகுதி. அந்த மாறுதல் எந்த நாட்டின் எல்லைக்கும் கட்டுப்படாது என்பது இரண்டாவது பகுதி. முதற்பகுதியிலே நம்பிக்கையும், இரண்டாவதிலே பொறுப்பும் இருக்கின்றன.

இயற்கை நடத்திய பரிசோதனை

கிராகதோவா வெடித்த காலத்தில் மேல்வானத்தை அளந்தறியும் கருவிகள் மனிதனிடம் இல்லை. ஆனால், 1991 ஜூன் 15ஆம் தேதி பிலிப்பைன்ஸ் நாட்டு லூசோன் தீவில் பினட்டுபோ எரிமலை பெருஞ்சீற்றத்தோடு வெடித்தபோது, அதன் புகையைப் பின்தொடர்ந்து கணக்கெடுக்கச் செயற்கைக்கோள்கள் வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. ஏறக்குறைய 1.5 கோடி முதல் 2 கோடி டன் வரையில் கந்தக டையாக்ஸைடு வாயு, மழையும் மேகமும் எட்டாத ஸ்ட்ராடோஸ்பியர் என்னும் மேல்வாயுமண்டலத்தை அடைந்தது; அங்கே அது கந்தக அமிலத்தின் மிக நுண்ணிய திவலைகளாக மாறி, சுமார் மூன்று வாரங்களில் பூமியை ஒருமுறை சுற்றிவந்து, பின்னர் மெல்லிய திரைபோல எங்கும் பரவிற்று. சூரிய ஒளியில் ஒரு சிறு பங்கை அந்தத் திரை அண்டவெளிக்கே திருப்பியனுப்பியதால், 1992இல் பூமியின் சராசரி உஷ்ணம் ஏறக்குறைய அரை டிகிரி செல்சியஸ் இறங்கியது. திவலைகள் ஓரிரு வருஷங்களில் கீழே படிந்து நீங்கியதும் உஷ்ணம் பழையபடி ஏறத்தொடங்கிற்று.

இங்கே கவனிக்கத்தக்கது குளிர்ச்சி ஏற்பட்டது மட்டுமன்று. அமெரிக்க நாஸா நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹான்ஸனும் அவருடைய சகாக்களும், எரிமலை வெடித்த சில மாதங்களுக்குள்ளாகவே, வரப்போகும் குளிர்ச்சி எவ்வளவு என்று கணித்து வெளியிட்டார்கள். அவர்கள் சொன்ன அளவிற்கு மிக நெருக்கமாகவே காரியமும் நடந்தது. 1883இல் நிகழ்ந்த பின்னும் விளங்காதிருந்த ஒன்று, 1991இல் நிகழ்வதற்கு முன்னமே கணக்கில் அகப்பட்டுவிட்டது.

எரிமலையின் நிழல் எப்பொழுதுமே மிருதுவானது என்று எண்ணிவிடலாகாது. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவிலே வெடித்த தம்போரா, பினட்டுபோவைக்காட்டிலும் பன்மடங்கு பெரியது. அதற்கு அடுத்த வருஷமாகிய 1816, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் கோடையே இல்லாத வருஷமாகக் கழிந்து, பயிர்கள் விளையாமல் ஜனங்கள் பஞ்சத்தில் வாடினார்கள். நிழல் ஒன்றே, அளவு வேறாகும்போது பலனும் வேறாகிறது. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை வளர்க்கிற குடியானவர், நிழல் குறைந்தால் கொடி கருகும் என்பதையும், மிகுந்தால் கொடி சோரும் என்பதையும் அறிந்து, தழையை அவ்வப்போது கழித்துவிடுகிறார். பூமிக்கு நிழல் அமைப்பதாயிருந்தால் அதற்கு வேண்டிய முதல் ஞானமும் இதுவேதான்.

அறியாமல் கட்டிய பந்தல்

ஆனால், பூமிக்கு நிழல் அமைக்க வேண்டிய அவசியம் என்ன? ஹவாய் தீவின் மௌனா லோவா மலைமீது சார்லஸ் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 315 பங்காக இருந்தது. 2024இல் அது 420ஐத் தாண்டி நின்றது. அந்த 2024, கருவிகளால் அளந்தறிந்த காலத்தில் மிக உஷ்ணமான வருஷம் என்றும், தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிடச் சுமார் 1.55 டிகிரி அதிக வெப்பமுடையதாயிருந்தது என்றும் உலக வானிலை அமைப்பு கணக்கிட்டது. 2015இல் பாரிஸ் நகரத்தில் கூடிய தேசங்கள் எந்த 1.5 டிகிரிக்குள் உலகத்தை நிறுத்த முயல்வோம் என்று வாக்களித்தனவோ, அந்த எல்லையை ஒரு தனி வருஷம் முதன்முதலாகக் கடந்தது அப்போதுதான். பல வருஷங்களின் சராசரியைக் கொண்டே எல்லை மீறப்பட்டதா என்று தீர்மானிக்க வேண்டும் என்பது உண்மையே. ஆனாலும் அந்தச் சராசரி எந்தத் திசையிலே நடந்துகொண்டிருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதை நிறுத்துவதே இந்நோயின் மூலத்திற்குச் செய்யும் சிகிச்சை. அதை மறுப்பவருக்கு இக்கட்டுரையில் இடமில்லை. ஆயினும், அந்தச் சிகிச்சையின் தன்மையை நாம் தெளிவாக உணர்ந்துகொள்வது அவசியம். கரியமில வாயுவின் ஒரு பெரும்பகுதி ஆகாயத்தில் பல நூறு வருஷங்கள், ஒரு பகுதி பல்லாயிரம் வருஷங்கள் தங்கும் இயல்புடையது. ஆகவே, நாளைக்கே உலகத்தின் அடுப்புகளும் உலைகளும் அனைத்தும் புகையற்றனவாக மாறிவிட்டாலும், உஷ்ணம் மேலும் ஏறாமல் நிற்குமேயன்றி, ஏறிய இடத்திலிருந்து நம் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் தானாக இறங்கி வராது. காற்றிலிருந்து அவ்வாயுவைப் பிரித்தெடுத்துப் பாறைக்குள் அடைக்கும் யந்திரங்களும் தோன்றியிருக்கின்றன. அவற்றுள் பெரியதென்று சொல்லி ஐஸ்லாந்து நாட்டில் 2024இல் திறக்கப்பட்ட 'மம்மத்' நிலையம், முழுத் திறனோடு இயங்கினால் வருஷத்திற்கு 36,000 டன் வாயுவை எடுக்குமாறு வகுக்கப்பட்டது. மனிதகுலமோ நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரித்து வருஷத்திற்குச் சுமார் 3,700 கோடி டன் வெளியிடுகிறது. ஏரி உடைந்து வெள்ளம் புகுந்த வீட்டிலே சொம்பினால் நீரை இறைப்பது போன்ற இந்த முயற்சி ஒருநாள் பெருகிப் பயன் தரலாம். அந்த நாள்வரையில் வெயிலில் நிற்பவருக்கு அதனால் நிழல் இல்லை.

இதனினும் வியக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. பூமிக்கு மேலே மனிதன் ஏற்கெனவே ஒரு பந்தலைக் கட்டியிருக்கிறான். தான் கட்டுவதை அறியாமலே கட்டியிருக்கிறான். நிலக்கரியையும் கப்பல்களின் கசட்டு எண்ணெயையும் எரிக்கும்போது கரியமில வாயுவோடு கந்தகப் புகையும் எழுகிறது. அப்புகையின் துகள்கள் ஒளியைச் சிதறடித்தும், மேகங்களை வெண்மையாக்கியும் பூமியைச் சற்றுக் குளிரச் செய்கின்றன. சர்வதேசத் தட்பவெப்ப விஞ்ஞானிகள் குழுவின் 2021ஆம் வருஷத்து அறிக்கையின்படி, இந்தத் துகள்களால் மறைந்திருக்கும் வெப்பம் ஏறக்குறைய 0.4 டிகிரி. அதே துகள்கள்தான் வருஷந்தோறும் லட்சக்கணக்கான ஜனங்களின் மூச்சுக்குள் புகுந்து அகாலத்தில் உயிரைக் கவர்கின்றன. ஆதலால் அவற்றை நீக்குவது கடமையாயிற்று. 2020 ஜனவரி 1ஆம் தேதி முதல், கப்பல்களின் எரிபொருளில் இருக்கலாகும் கந்தகத்தின் அளவு நூற்றுக்கு 3.5லிருந்து 0.5 ஆகக் குறைக்கப்பட்டது. துறைமுகங்களுக்கு அருகே வாழ்பவர்களுக்கு அது பெரிய நன்மை. அதே சமயத்தில், கடல்மேல் கப்பல்களின் பாதையெங்கும் மேகங்களில் வெண்கோடுகளாகத் தெரிந்த நிழலும் கலையத் தொடங்கியது.

ஆகாயத்தில் மனிதன் கைவைக்கலாமா என்று நம்முன் வைக்கப்படுகிற கேள்விக்கு, கைவைத்து இருநூறு வருஷங்கள் ஆகின்றன என்பதே பதில். நஞ்சு கலந்த பந்தல் ஒன்றை நாம் அறியாமற் கட்டினோம். இப்போது அதைப் பிரித்துக்கொண்டும் இருக்கிறோம். பிரிக்கும்போது உள்ளே நிற்பவர்கள் தலையில் விழும் வெயிலுக்கு என்ன செய்வது என்று யோசிப்பதுமட்டும் எப்படி அதர்மமாகும்?

யோசனை பிறந்த கதை

மேல்வானத்தில் கந்தகத்தைத் தூவிப் பூமியைக் குளிர்விக்கலாம் என்று 1974இல் எடுத்துச் சொன்னவர் சோவியத் விஞ்ஞானியாகிய மிகயில் புடிகோ. நீண்டகாலம் அது பெரும்பாலோர் கவனத்தைக் கவராமல் கிடந்தது. பின்னர், அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த கென் கால்டெய்ராவும், இன்று பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியராக இருக்கும் கோவிந்தசாமி பாலாவும் அதைக் கணிதத்தின்மூலம் சோதித்துப் பார்த்தார்கள். கரியமில வாயு இரவுபகலாக, எல்லாப் பருவங்களிலும், துருவம் முதல் பூமத்தியரேகை வரையில் வெப்பத்தைத் தடுத்துவைக்கிறது. சூரிய ஒளியோ பகலில் மாத்திரமே, அதுவும் இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவாக விழுகிறது. ஆகையால் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சரிக்கட்ட இயலாது என்று எண்ணுவதே இயல்பு. ஆனால் 2000ஆம் வருஷத்தில் அவர்கள் வெளியிட்ட கணக்கு வேறுவிதமாக இருந்தது. கரியமில வாயுவை இரட்டிப்பாக்கி, சூரிய ஒளியை நூற்றுக்கு 1.8 பங்கு குறைத்துப் பார்த்தபோது, பூமியின் பெரும்பாலான பகுதிகளிலும், பெரும்பாலான பருவங்களிலும், உஷ்ணம் ஏறக்குறையப் பழைய நிலைக்கே திரும்பிற்று.

இந்த யோசனையைச் சபைக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தியவர் பால் கிரட்ஸன். ஓசோன் படலம் எவ்வாறு அழிகிறது என்பதை விளக்கியதற்காக 1995இல் நோபல் பரிசை இருவரோடு பகிர்ந்துகொண்ட அந்த ரசாயன நிபுணர், 2006இல் எழுதிய ஒரு கட்டுரையிலே, வாயுக்களைக் குறைக்கும் முயற்சி போதிய பலன் தராவிட்டால் கைக்கொள்ள வேண்டிய மாற்று வழியாக இதைப் பகிரங்கமாக ஆராய வேண்டும் என்று வற்புறுத்தினார். மேல்வானத்திற்கு மனிதன் இழைத்த தீங்கைக் கண்டறிவதில் ஆயுளைச் செலவிட்ட ஒருவரே இதைச் சொன்னார் என்பதனால், அதை அலட்சியமாகத் தள்ளிவிட விஞ்ஞானிகளால் முடியவில்லை.

காரியம் நடக்கும் விதத்தைச் சுருங்கச் சொல்லலாம். சாதாரண விமானங்கள் பறக்கும் 11 அல்லது 12 கிலோமீட்டர் உயரம் இதற்குப் போதாது. வெப்பமண்டலத்தின்மேல் சுமார் 20 கிலோமீட்டர் உயரத்திற்குப் பாரத்தைச் சுமந்து ஏறக்கூடிய புதுவகை விமானங்கள் வேண்டும். அங்கே தூவப்படும் கந்தகம், தரைக்கு அருகே எழும் புகையைப்போல ஒரு வாரத்தில் மழையோடு கரைந்து விழாமல், ஒரு வருஷத்திற்கும் மேலாக மிதந்துநிற்கும்; அதனால்தான், கீழ்வானத்தில் நம் ஆலைகள் கொட்டும் கந்தகத்தில் ஒரு சிறு பகுதியளவே அங்கே போதுமானதாகிறது. முதல் பதினைந்து வருஷங்களுக்குச் சராசரியாக வருஷம் ஒன்றுக்கு 225 கோடி டாலர் செலவாகலாம் என்று வேக் ஸ்மித், கெர்னாட் வாக்னர் ஆகிய இருவர் 2018இல் மதிப்பிட்டார்கள். உலகத்தின் நஷ்டக் கணக்கோடு ஒப்பிட்டால் இது அற்பத் தொகை. இவ்வளவு மலிவாக இருப்பதே இதன் கவர்ச்சி, இதன் அபாயமும் அதுவே.

வேறொரு வழியும் உண்டு. கடல்நீரை மிக நுண்ணிய திவலைகளாகத் தாழ்ந்த மேகங்களுக்குள் தெளித்தால், உப்புத் துகள்களைச் சுற்றி நீர்த்துளிகள் பெருகி மேகம் வெண்மையடையும் என்று ஜான் லாத்தம் 1990இல் எழுதினார். அவ்வாறு தெளிக்கும் கப்பல்களை எடின்பரோ நகரத்துப் பொறியாளர் ஸ்டீபன் ஸால்ட்டர் வகுத்துக் காட்டினார். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலுள்ள மாபெரும் பவளத்திட்டின்மேல் 2020 மார்ச் மாதத்தில் விஞ்ஞானிகள் இதைச் சிறு அளவில் சோதிக்கத் தொடங்கினார்கள். அந்தப் பவளங்கள் 2016, 2017, 2020, 2022, 2024 ஆகிய வருஷங்களில் திரும்பத் திரும்ப வெப்பத்தால் வெளுத்துப்போயின. நம்முடைய மன்னார் வளைகுடாவின் பவளங்களும் 2010இலும் 2016இலும் அதே துன்பத்திற்கு ஆளாயின. பவளப்பூச்சிகளுக்குப் பொறுத்திருக்க அவகாசம் கிடையாது.

ஆட்சேபங்களின் நியாயம்

இந்த யோசனைக்கு எதிராகச் சொல்லப்படுபவை அனைத்தும் வீண் அச்சங்கள் என்று தள்ளுபவன், இதன் நண்பனாக இருக்க முடியாது. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்ப்பதே முறை.

முதலாவது, மழை. உழுது பிழைக்கும் தேசங்களுக்கு உஷ்ணத்தைவிடப் பெரிய கேள்வி இதுவே. சூரிய ஒளியைக் குறைத்து உஷ்ணத்தை முழுவதும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால், உலகத்தின் சராசரி மழையளவு பழைய நிலைக்கும் கீழே போய்விடும் என்று 2008இல் எடுத்துக்காட்டியவர்களில் முதல்வர், மேலே சொன்ன அதே பாலா அவர்கள்தாம். பினட்டுபோவுக்கு அடுத்த வருஷத்திலும் நிலப்பகுதிகளில் மழை குறைந்தது. ஆறுகள் கடலுக்குக் கொண்டுசென்ற நீரும் குறைந்தது. ஆகவே, ஏறிய வெப்பம் முழுவதையும் நிழலால் ஈடுசெய்ய முயல்வது விவேகமன்று. அதில் ஒரு பாதியைமட்டும் தணித்தால், வெப்பத்தின் கொடுமை பெரும்பாலான இடங்களில் குறையும் என்றும், மழையின் நிலையும் மோசமடைவதைவிடப் பழைய நிலையை நெருங்கும் இடங்களே மிகுதி என்றும் பிற்காலத்து ஆராய்ச்சிகள் தெரிவிக்கின்றன. இவை கணிதத்தின் முடிவுகள். பருவமழை கணிதத்திற்கு எளிதில் அடங்குவதன்று. ஆனால், நிழலே இல்லாமல் ஏறிக்கொண்டு போகும் வெப்பத்தின்கீழ் பருவமழை என்னவாகும் என்பதும் அதே கணிதத்தைக் கொண்டு அறிய வேண்டியதே. ஒரு பக்கத்து அபாயத்தை மட்டும் தராசில் வைத்துவிட்டு மறுபக்கத்துத் தட்டை வெறுமையாக விடுவது நியாயமாகாது.

இரண்டாவது, ஒரு பக்கமாக விழும் நிழல். வட கோளார்த்தத்தில்மட்டும் கந்தகத்தைத் தூவினால், ஆப்பிரிக்காவின் சாஹல் பிரதேசத்தில் மழை பொய்த்துப் பஞ்சம் ஏற்படும் என்று 2013இல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். தன் வயலுக்கு நிழலிட்டுக்கொண்டு அடுத்தவன் வயலைக் காயப்போடும் இந்தக் கொடுமைக்கு இடம் கொடாமல் இருப்பதற்காகவே, எங்கே, எவ்வளவு, எந்தப் பருவத்தில் என்பவற்றை முன்கூட்டி அறிந்திருப்பது அத்தியாவசியமாகிறது. அறியாமை யாரையும் காப்பாற்றாது; அவசரத்தில் ஒரு வல்லரசு தானாகவே துணிந்துவிட்டால், அதைத் தடுத்து வாதாடச் சாஹல் பிரதேசத்து மக்களின் கையில் ஆராய்ச்சியின் சாட்சியம் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஓசோன். பினட்டுபோவின் திவலைகள் ஓசோன் படலத்தை மெலியச் செய்தன என்பது அளந்தறிந்த உண்மை. 1987இல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் பயனாகப் பின்னர் தேறத் தொடங்கிய அந்தப் படலம், நிழலின் காரணமாகச் சிறிது பின்வாங்கலாம். கந்தகத்திற்குப் பதிலாகச் சுண்ணாம்புத் துகள்களைப் பயன்படுத்தலாமா என்று சிலர் ஆராய்வது இதனாலேயே. நான்காவது, கடல். கரியமில வாயுவைக் குடித்துக் கடல்நீர் அமிலத்தன்மை அடைந்துவருவதை எந்தப் பந்தலும் தடுக்காது. நிழல் ஒருபோதும் மூலசிகிச்சைக்குப் பிரதியாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டியதில்லை.

ஐந்தாவது, பந்தல் திடீரென்று சரிந்தால் என்ன ஆகும் என்பது. பல வருஷங்கள் பெரிய அளவில் நிழலிட்டுவிட்டு, யுத்தத்தினாலோ கலகத்தினாலோ நிறுத்திவிட்டால், அதுவரை மறைந்திருந்த வெப்பம் முழுவதும் சில வருஷங்களுக்குள் பாய்ந்து ஏறும். அந்த வேகத்தை ஜீவராசிகள் தாங்கமாட்டா. துகள்கள் ஒரு வருஷத்திற்குமேல் மிதப்பதால், சில மாதங்கள் தடைப்பட்டால் கெடுதி இல்லை. விமானங்களையும் தளங்களையும் பல தேசங்களில் பரவலாக வைப்பதும் பாதுகாப்பே. எல்லாவற்றையும்விடப் பெரிய பாதுகாப்பு, பந்தலைச் சிறியதாகக் கட்டுவது. மூலசிகிச்சை முன்னேற முன்னேற அதைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்துவிடுவது.

இறுதியாக, குடை கையிலிருந்தால் கூரை வேய மறந்துவிடுவார்கள் என்னும் அச்சம். எண்ணெய் விற்பவர்கள் இந்த யோசனையைக் காட்டித் தங்கள் வியாபாரத்தை நீட்டித்துக்கொள்ளப் பார்ப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வஞ்சகத்தை எதிர்த்துப் போராட வேண்டியதும் அவசியமே. ஆனால், 1992இல் ரியோ மகாநாட்டில் தேசங்கள் கூடி ஒப்பந்தம் செய்தபின், எந்தக் குடையும் கையில் இல்லாத காலத்திலேயே, எரிபொருள்களிலிருந்து எழும் கரியமில வாயு பாதிக்குமேல் அதிகரித்துவிட்டது. குடையை மறுத்ததனால் கூரை வேயப்படவில்லை. நனைந்தவர்கள்தாம் அதிகமானார்கள்.

தடைப்பட்ட சோதனைகள்

சோதிப்பதனால் என்ன பயன் என்பதற்கு நம் நாடே பங்குகொண்ட உதாரணம் ஒன்று உண்டு. கடலில் இரும்புச் சத்தைத் தூவினால் பாசிகள் செழித்துக் கரியமில வாயுவை உண்டு ஆழத்திற்குக் கொண்டுபோகும் என்ற எண்ணத்தைப் பரீட்சிக்க, 2009இல் இந்திய, ஜெர்மானிய விஞ்ஞானிகள் 'போலார்ஸ்டெர்ன்' கப்பலில் தென்கடலுக்குச் சென்று, சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பைக் கலந்தார்கள். 'லோஹாஃபெக்ஸ்' என்று பெயரிடப்பட்ட அந்த முயற்சிக்குப் புறப்படும்போதே பலத்த எதிர்ப்பு எழுந்தது. பாசி வளர்ந்தது, ஆனால் கூனி போன்ற சிற்றுயிர்கள் அதை மேய்ந்துவிட்டன, கரி ஆழத்திற்குப் போகவில்லை. பெரிய வாக்குறுதி ஒன்று சிறிய செலவில் பொய்யாயிற்று. தோல்வியென்று எவரேனும் அதைச் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். தவறான வழியில் உலகம் கோடிகளைக் கொட்டாதபடி தடுத்த வெற்றி அது.

மேல்வான நிழலுக்கோ அத்தகைய பரீட்சை இன்னும் கைகூடவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார், ஒரு பலூனை ஸ்வீடன் நாட்டுக் கிரூனாவிலிருந்து 2021இல் அனுப்பி, துகள் எதையும் தூவாமல் கருவிகளை மட்டும் சோதிக்க முனைந்தார்கள், வடதுருவப் பிரதேசத்தின் பூர்வகுடிகளான ஸாமி மக்களின் சபை, தங்களைக் கலந்துகொள்ளவில்லை என்று ஆட்சேபித்தது, முயற்சி நின்றது, 2024 மார்ச்சில் திட்டமே கைவிடப்பட்டது. அதே வருஷம் கலிபோர்னியாவின் அலமீடா நகரத்தில், பழைய போர்க்கப்பலொன்றின் தளத்திலிருந்து உப்புநீர்த் திவலைகளைத் தெளித்துப் பார்த்த விஞ்ஞானிகளை, முன்னரே தெரிவிக்கவில்லை என்று நகரசபை நிறுத்தியது. இதற்கு மாறாக, ஒரு சிறு வியாபாரக் கம்பெனி மெக்ஸிகோவில் எவர் அனுமதியுமின்றிக் கந்தகம் அடங்கிய பலூன்களைப் பறக்கவிட்டது; அது வெளிப்பட்டதும் 2023 ஜனவரியில் மெக்ஸிகோ அரசாங்கம் இத்தகைய சோதனைகளைத் தடைசெய்வதாக அறிவித்தது.

வெளிப்படையாகச் செய்ய வந்தவர்கள் தடுக்கப்படுகிறார்கள். சொல்லாமல் செய்பவர்கள் செய்துவிடுகிறார்கள். இந்த விபரீதத்திற்கு ஸாமி மக்கள் பொறுப்பாளிகள் அல்லர். அவர்கள் கேட்டது நியாயமானது: எங்கள் ஆகாயத்திற்கு எங்களைக் கேட்காமல் வரலாமா என்றார்கள். கேட்பதற்கு ஒரு சபையும், கேட்கும் முறைக்கு ஒரு விதியும் இல்லாதிருப்பதே குறை. 2024இல் நைரோபி நகரத்தில் கூடிய ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் மகாசபையில், இவ்விஷயத்தை ஆராய நிபுணர் குழு ஒன்றை அமைக்கலாம் என்று ஸ்விட்ஸர்லாந்து கொண்டுவந்த பிரேரணைகூட, ஒருமித்த கருத்து உண்டாகாமையால் வாபஸாயிற்று. ஆப்பிரிக்க தேசங்கள் இதைப் பயன்படுத்தவே கூடாது என்று வற்புறுத்தின. 1967 முதல் 1972 வரையில், வியட்நாம் யுத்தத்தில் எதிரியின் பாதைகளைச் சேறாக்குவதற்காக அமெரிக்க ராணுவம் மேகங்களில் ரசாயனத்தைத் தூவி மழையைப் பெருக்க முயன்றது. அதன்பின் வானிலையை ஆயுதமாக்குவதைத் தடுக்கும் ஒப்பந்தம் 1978இல் அமலுக்கு வந்தது. அந்தச் சரித்திரத்தை அறிந்த ஏழை தேசங்கள் ஐயுறுவதைக் குற்றமென்று யார் சொல்ல முடியும்?

பந்தற்கால் நடுவதற்கு முன்

கலியாண வீட்டில் பந்தல் போடுவதற்கு முன்பு, பந்துக்களையும் தெருக்காரரையும் அழைத்து, நல்ல நேரம் பார்த்துப் பந்தற்கால் நடுவது நம் வழக்கம். கால் நடுகிற இடம் பொதுவழி. ஆகையால் ஊரறிய நடுகிறார்கள். காரியம் முடிந்தபின் பந்தலைப் பிரித்து வழியை விடுவிப்பதும் அந்த உடன்பாட்டிலே அடங்கியிருக்கிறது. பூமிக்குப் பந்தல் வேண்டும் என்று வாதிடுகிற நான், இந்த வழக்கத்திலுள்ள மூன்று நிபந்தனைகளையும் அதற்குப் பொருத்திச் சொல்கிறேன்.

ஊரறிய நடப்பது முதல் நிபந்தனை. ஆராய்ச்சி சர்க்கார்களின் பொதுப்பணத்தில், எல்லோரும் பார்க்கும்படி நடக்க வேண்டும். லாபம் கருதும் கம்பெனிகளுக்கோ ராணுவங்களுக்கோ அதில் இடம் இருக்கலாகாது. பிரிட்டிஷ் அரசாங்கத்தின் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று 2025இல் சுமார் 5.7 கோடி பவுனை இதற்கென ஒதுக்கியது நல்ல ஆரம்பம். ஆனால், சூரியனின் கடுமையை மிகுதியாக அனுபவிக்கும் வெப்பமண்டல தேசங்களின் விஞ்ஞானிகள் பிறர் கணக்கைப் படிக்கும் நிலையில் நின்றுவிடலாகாது. பாலாவைப் போன்றவர்களின் ஆராய்ச்சி நம்மிடம் இருக்கிறது. பருவமழையைப் பற்றிய கேள்விக்கு, அதையே நம்பி வாழும் நாடுகளே முதலில் விடை தேட வேண்டும்.

எல்லோரையும் கேட்பது இரண்டாவது. வல்லரசுகள் மட்டுமின்றி, கடலேறும் தாழ்ந்த தீவுகளும், சாஹல் பிரதேசமும், துருவத்து மக்களும் உட்காரும் ஒரு சர்வதேச சபை, நிழலின் அளவையும் இடத்தையும் தீர்மானிக்க வேண்டும். ஓசோன் விஷயத்தில் உலகம் அப்படிக் கூடி மான்ட்ரியல் ஒப்பந்தத்தை நிறைவேற்றிக் காட்டியிருக்கிறது. மூன்றாவது, பிரிக்கும் நாளை முன்கூட்டியே குறித்துவைப்பது. கரியமில வாயுவைக் குறைப்பதாகத் தேசங்கள் ஏற்கும் கடமையோடு நிழலின் அளவையும் பிணைத்துவிட வேண்டும். கடமையில் தவறியவர்கள் நிழலைப் பெருக்கிக் கேட்க முடியாதபடி அந்தப் பிணைப்பு இருக்க வேண்டும். இந்த மூன்றும் கைகூடுமானால், சில பத்து வருஷங்களில், ஓர் அரை டிகிரியளவுக்கு, படிப்படியாக ஒரு நிழலை அமைப்பது நியாயம் என்றே நான் கருதுகிறேன்.

அந்த அரை டிகிரி எவருக்கு வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு இதை எழுதுகிறவனுக்கும், இதன் ஆபத்துகளை விவாதிக்கும் மகாநாட்டு மண்டபங்களுக்கும் அது பெரிதன்று. தூத்துக்குடி உப்பளத்தில் பாத்திகளின் வெண்மை கண்ணில் அறைய உப்பு வாருகிற பெண்ணுக்கு அது வேண்டும். சித்திரை வெயிலில் மூன்றாம் மாடிக்குச் செங்கல் சுமக்கிறவருக்கு அது வேண்டும். ஈரமும் வெப்பமும் ஒருங்கே மிகுந்த நாளில் வியர்வை உலராமல் போகும்போது, உழைக்கிற உடம்பு தன்னைத்தான் குளிர்வித்துக்கொள்ளும் சக்தியை இழந்துவிடுகிறது. கரியமில வாயுவை மிகக் குறைவாக வெளியிட்டவர்கள் இவர்கள். மூலசிகிச்சை பலிக்கும்வரை காத்திருங்கள் என்று நாம் சொல்வதும் இவர்களிடமே. இந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

1883இல் பச்சைச் சூரியனைக் கண்ட சென்னை ஜனங்களுக்கு, அது எதனால் நேர்ந்தது என்று சொல்ல ஊரில் எவரும் இல்லை. அவர்களை யாரும் கேட்கவும் இல்லை. எரிமலை எவரைக் கேட்டு வெடிக்கும்? இனி நம் ஆகாயத்தில் விழப்போகும் நிழலை எரிமலை அமைக்கப்போவதில்லை, மனிதர் அமைக்கப்போகிறார்கள். ஆகையால் அதைப்பற்றிக் கேட்கவும், அறியவும், சம்மதிக்கவும், மறுக்கவும் நமக்கு வழி உண்டு. அந்த வழி இன்று திறந்திருக்கிறது. வெயில் இன்னும் இரண்டொரு டிகிரி ஏறி, பயத்தினால் எவரோ ஓர் இரவில் பந்தற்காலை நட்டுவிட்ட பிறகு, தெருக்காரரை அழைத்து யோசனை கேட்பவர் எவரும் இருக்கமாட்டார்.